அரைக் கட்டை இறங்கின பாட்டு

கோரஸ் பாட வந்திருக்கிற கண்ணுங்களுக்கு,

உங்க சங்கத்து மலருக்குப் பழைய ஆளுங்க அனுபவம் வேணும்னு வீட்டுக்கே வந்து கேட்டீங்க. மேடை ஏறிப் பேசச் சொன்னீங்க, அது என்னால ஆகாது. அஞ்சாம் வகுப்புக்கு மேல படிக்கலை. நாலு பேர் என்னைப் பார்த்தாலே நாக்கு மேலே ஒட்டிக்கும். நான் கோரஸுக்கு வந்ததே முன்னால நிக்க வேண்டியதில்லைங்கிறதுக்காகத்தான். அதனால எழுதித் தர்றேன். பிழை இருந்தா நீங்களே திருத்திக்குங்க.

என் வயசுக்காரங்க எழுதினா, எப்படிக் கஷ்டப்பட்டோம், எப்படி மேலே வந்தோம்னு எழுதுவாங்க. எனக்கு அப்படி எழுத ஒண்ணும் இல்லை. ஒரு மனுஷரைப் பத்தியும் அவர் பண்ணின ஒரு பாட்டைப் பத்தியும் எழுதுறேன். படிச்சு முடிச்சா மனசு நிறையும்னு எதிர்பார்க்காதீங்க.

அது யுத்த காலம். சேலத்துல சினிமான்னா நீங்க உடனே நினைக்கிற பெரிய கம்பெனி இல்லை. அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஆரம்பிச்ச ஒரு சின்னக் கம்பெனி. திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருத்தர்தான் முதலாளி. தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகை, அதுதான் ஸ்டுடியோ. பாட்டைத் தனியாப் பதிஞ்சுக்கிட்டு அப்புறம் வாயசைக்கிற வழக்கம் எங்க கம்பெனிக்கு வந்து சேரலை. கதாநாயகி கேமரா முன்னால நடிச்சுக்கிட்டே பாடணும். வாத்தியக்காரங்களும் கோரஸும் படத்துல விழாம, சீன் தட்டிக்குப் பின்னால நின்னு அதே நேரத்துல வாசிக்கணும், பாடணும். டேக்குன்னா மின்விசிறியை எல்லாம் நிறுத்திடுவாங்க. கூரைமேல காக்கா உக்காராம ஓட்டுறதுக்குன்னே சம்பளத்துக்கு ஒரு ஆள் இருந்தார். யுத்தத்துக்காகப் பிலிமைச் சர்க்கார்ல அளந்துதான் கொடுத்தாங்க. அதனால ஒரு பாட்டுக்கு ஒரு டேக். கெட்டாலும் அதுதான்.

கோரஸ் நாங்க நாலு பேர். ஆத்தூர்க்காரங்க ஒருத்தங்க, நாடகக் கம்பெனியில பாடிப் பழகினவங்க, அவங்களைப் பெரியக்கான்னு கூப்பிடுவோம். அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டு அக்கா தங்கச்சி ரெண்டு பேர். நாலாவது நான். எங்க வேலை சுலபம். கதாநாயகி பாடினதைத் திருப்பி ஒரே குரலாப் பாடணும். நாலு பேர் பாடுறாங்கன்னே தெரியக் கூடாது. அதுதான் கெட்டிக்காரத்தனம்.

மெட்டுப் போடுறது வாத்தியார். அவரும் நாடகத்துல ஆர்மோனியம் வாசிச்சுட்டு வந்தவர். அவர் போட்ட மெட்டை எடுத்துக்கிட்டு, இந்த இடத்துல இந்த வாத்தியம், அந்த இடத்துல அந்த வாத்தியம்னு பிரிச்சுக் கட்டுறதுக்கு ஒருத்தரைக் கொண்டுவந்தாங்க. அந்த வேலைக்கு அப்போ ஒரு பேர் கிடையாது. படத்தோட விக்கிற பாட்டுப் புஸ்தகத்துல அந்த வேலைக்கு இடமும் கிடையாது. நாங்க அவரை மாஸ்டர்னு கூப்பிட்டோம். முதலாளி பேண்டுக்காரர்னு சொல்வார். முழுப் பேரை நாங்க யாரும் கேட்டுக்கலை. இப்போ எழுதலாம்னு பார்த்தா எனக்குத் தெரியலை.

அவர் தங்கவயல்காரர். அங்கே தங்கச் சுரங்கத்து ஜனங்க பேண்டுல ஊதக் கத்துக்கிட்டு, அப்புறம் ஏற்காட்டுல காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரங்க ஆடுற கிளப்புல வாசிச்சிருக்கார். அங்கே அவங்க வெச்சிருந்த ரிக்கார்டைக் கேட்டுக் கேட்டு ஜாஸுன்னு ஒரு சங்கீதத்தைப் புடிச்சுக்கிட்டார். அமெரிக்காவில கறுப்பு ஜனங்க உண்டாக்கினதுன்னு சொல்வார். யுத்தம் வந்து தோட்டத்து துரைங்க பட்டாளத்துக்குப் போனதும் கிளப்புல ஆட்டம் நின்னுபோச்சு. மலையிறங்கி எங்க கொட்டகைக்கு வந்துட்டார்.

அவருக்குக் கீழே ஊதினவங்க எல்லாம் சேலத்துக் கல்யாண பேண்டு ஆளுங்க. முதல் நாளே ட்ரம்பெட்டு வாயில கொட்டாங்குச்சியைக் கவுத்து வெச்சு ஊதச் சொன்னார். சத்தம் குறுகி, யாரோ மூக்கடைச்சுக்கிட்டு அழற மாதிரி வந்தது.

"மாஸ்டரே, சட்னி அரைச்ச மிச்சமுங்களா?" என்றார் ட்ரம்பெட்டுக்காரர்.

"ஆமா. உன் ஊதலுக்கு இட்லி வேற வேணுமா?" என்றார் இவர்.

அப்புறம் டிரம் அடிக்கிறவரோட சண்டை. நம்ம தாளத்துல முதல் அடி, சமம்னு சொல்றோமே, அந்த இடத்துல யாரும் வாசிக்கக் கூடாதுன்னுட்டார். எல்லாம் அரை மாத்திரை தள்ளித்தான் வரணும். டிரம்காரருக்குக் கையே வரலை.

"முதல் அடி இல்லீன்னா மாப்பிள்ளை எப்படிங்க காலை எடுத்து வெப்பாரு?"

"இது ஊர்வலம் இல்லைப்பா. சீன் இன்னா? பொண்டாட்டி வாசல்ல நின்னுகினு புருஷனை எதிர்பார்க்குறா. அவன் வரலை. வராத ஆளுக்கு நீ எதுக்கு அடிக்கிற?"

டிரம்காரர் குச்சியை மாத்திப் புடிச்சுக்கிட்டார். அப்புறம் அடிச்சார். முதல் அடி காலியா இருந்தது. அதுவரைக்கும் ஒரு பாட்டுல காலி இடம் இவ்வளவு பேசும்னு நான் நினைச்சதில்லை.

அந்தப் பாட்டை ரொம்ப நாள் ஒத்திகை பார்த்தார். கிளாரினெட்டு ஒரு வழி, ரெண்டு ட்ரம்பெட்டு ரெண்டு வழி, சாக்ஸபோன் அடியில ஒரு வழி, எதுவும் கதாநாயகி பாடுற சுரத்துல நிக்காது. பக்கத்துல வந்து உரசும், விலகும். கடைசியில ஒரே ஒரு இடம். அவள் நம்பிக்கை விட்டுட்டு வாசல் கதவைச் சாத்துற இடம். அங்கே மட்டும் எல்லாம் வந்து அவள் ஆதார சுரமான சட்ஜமத்துல சேரும். அந்தப் பாட்டுல எங்களுக்கு வேலை இல்லை. ஓரமா உக்காந்து கேட்டுக்கிட்டிருப்போம். அம்மாபேட்டைத் தங்கச்சிக்கு வாய் சும்மா இருக்காது. மாஸ்டர் அந்தண்டை போனா, மூக்கைப் புடிச்சுக்கிட்டு ட்ரம்பெட்டு மாதிரியே ஊதிக் காட்டுவாள். நாங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம்.

மாஸ்டருக்கு அந்தப் பாட்டு வெறும் பாட்டு இல்லை. அது நல்லபடியா வந்தா அடுத்த படத்துக்கும் அவரையே வெச்சுக்கறதா முதலாளி சொல்லியிருந்தார். பேரையும் புஸ்தகத்துல போடலாம்னு பேச்சு. தங்கவயல்ல இருந்த சம்சாரத்தையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வர செவ்வாய்ப்பேட்டையில வீடு பார்த்து வெச்சிருந்தார். ஆனா எங்களுக்குத் தெரியும், வீடு, பேர் எல்லாம் அவருக்கு ரெண்டாவதுதான். தன் காதுக்குள்ளே இருக்கிற ஒண்ணை ஒரு தடவையாவது வெளியில கேக்கணும், மத்தவங்களும் கேக்கணும். அதுதான் அவர் ஆசை.

டேக் அன்னிக்குக் காலையில கதாநாயகியா நடிக்கிற அம்மா சளியோட வந்தாங்க. மேக்கப் போட்டுக்கிட்டே, "இன்னிக்கு அரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்றாங்க. அவ்வளவுதான்.

நீங்க இப்போ மெஷின்ல சுருதி மாத்திடறீங்க, உங்களுக்கு இது புரியாது. ஒவ்வொரு தொண்டைக்கும் ஆர்மோனியத்துல ஒரு கட்டை. அந்த அம்மா அஞ்சு கட்டையில பாடுறவங்க. தொண்டை சரியில்லைன்னா நாலரைக்கு இறங்குவாங்க. நாடகத்துக்காரங்க மத்தியில அதை ஏன்னு கேக்குற வழக்கமே கிடையாது. கேட்டா அவமானம் பண்ணின மாதிரி. ஆர்மோனியக்காரர் விரலை ஒரு கட்டை தள்ளி வெச்சுக்குவார், வேலை முடிஞ்சது. ஆனா ஊதுற ஆளுக்கு அரைக் கட்டை இறங்கினா எல்லா விரலும் மாறிப்போகும். அந்தக் கல்யாண பேண்டு ஆளுங்க விரல் பழக்கத்துல மனப்பாடம் பண்ணினவங்க. இத்தனை நாள் பழகினது அத்தனையும் ஒரே பேச்சுல ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சு.

அந்த அம்மா சாயங்கால ரயிலுக்குச் சென்னைக்குப் போகணும். வேற படம். தள்ளிப்போடவும் வழியில்லை.

வாத்தியார் தணிவாத்தான் சொன்னார். "ஏம்ப்பா, என் ஆர்மோனியம், தபலா, ஒரு புல்லாங்குழல். போதும். மெட்டு தாங்கும். உன் ஊதலை அடுத்த படத்துல வெச்சுக்கலாம்."

சொன்னதுல தப்பில்லை. யாரா இருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பாங்க. மாஸ்டர் ட்ரம்பெட்டுப் பெட்டி மேல உக்காந்து தலையைக் கையில புடிச்சுக்கிட்டார். கதாநாயகி அம்மா காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் அப்படியே இருந்தார். அப்புறம் எழுந்து நேரா எங்ககிட்டே வந்தார். தங்கச்சியைப் பார்த்து, "சிஸ்டர், நீ தினம் என் ட்ரம்பெட்டைக் கிண்டல் பண்றியே, அதை மூக்கைப் புடிக்காம பாடு" என்றார்.

அவள் பயந்துபோய் அக்கா முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சாள். "இல்லீங்க மாஸ்டர், சும்மா தமாசுக்குங்க…"

"பாடு."

பாடினாள். ஒரு சுரம் தப்பலை. மாஸ்டர் கண்ணை மூடிக்கிட்டார். தொண்டைக்கு விரல் மாத்துற வேலை கிடையாதே. அரை இறக்கினா இறங்கும். அவ்வளவு எளிசான விஷயம், ஆனா ஊதற வாத்தியத்தை எடுத்துட்டு அந்த இடத்துல மனுஷக் குரலை வெக்கலாம்னு அங்கே வேற யாருக்கும் தோணலை. தங்கச்சிக்கு ட்ரம்பெட்டு. அக்காவுக்குக் கிளாரினெட்டு. பெரியக்காவுக்கு அடியில சாக்ஸபோன். டிரம்முக்குச் சுருதி இல்லை, அது மட்டும் அப்படியே. வார்த்தை கிடையாது, வெறும் ஊகாரம், ஆகாரம்.

எனக்குக் கொடுத்தது ரெண்டாவது ட்ரம்பெட்டு. அதுதான் கதாநாயகி சுரத்துக்குப் பக்கத்துலேயே அரைக் கட்டையில நின்னு உரசுற வழி. ஏன் எனக்குன்னு கேக்க வாய் வரலை. அவரே சொன்னார்: "உனக்குத்தான் சிஸ்டர், கூட்டத்துல ஒதுங்கி நிக்கத் தெரியும்."

ஒரு தடவை பாடிப் பார்த்தோம். பாழாப்போச்சு. பாட்டு மறந்து இல்லை. கதாநாயகி அம்மா வாயைத் திறந்ததும் நாலு பேரும் வழுக்கிக்கிட்டுப் போய் அவங்க சுரத்துல விழுந்தோம். மறுபடியும் பாடினோம், மறுபடியும் விழுந்தோம். பெரியக்காவுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

"நானாப் போகலை மாஸ்டர். தொண்டை தானாப் போவுது. சுருதி விலகினா எங்க நாடகக் கம்பெனி வாத்தியார் புளியம் வெளாறால வெளுப்பாரு. அடி வாங்கிப் படிச்சது. இப்ப வெலகி நில்லுன்னா எங்க போயி நிக்கிறது?"

"தப்புப் பண்றோம்னு நினைக்கிறீங்க. அதான் விழறீங்க."

"தப்புதானே?"

"தப்பு இல்லைக்கா. அவள் தனியா நிக்கிறா. நீங்க நாலு பேரும் அவள் மனசுல ஓடற நாலு நினைப்பு. நினைப்பு எல்லாம் ஒரே பக்கமா ஓடும்?"

பெரியக்கா முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க. "இதை மொதல்லயே சொல்லக் கூடாதா, பாவி மனுஷா."

எங்களைக் கதாநாயகி பக்கம் முதுகு காட்டி நிக்க வெச்சார். ரெண்டு காதையும் விரலால அடைச்சுக்கச் சொன்னார். "அவங்க பாட்டைக் கேக்காதீங்க. பக்கத்துல இருக்கிறவங்களையும் கேக்காதீங்க. என் கையைப் பாருங்க. உங்க வழியில நடங்க. சேருற இடத்துல நான் கையை இறக்குவேன்."

விசிறி நின்னது. கதவைச் சாத்தினாங்க. மேலே காக்கா ஓட்டுறவர் குச்சியைத் தட்டி, சரின்னு குரல் கொடுத்தார். தகரத்துக்குக் கீழே நெருப்பு மாதிரி கொதிக்குது. நான் காதை அடைச்சுக்கிட்டு அவர் கையையே பார்த்துக்கிட்டுப் பாடினேன். எனக்குள்ளே என் குரல் மட்டும்தான் கேட்டது. இருட்டுல தனியா நடக்கிற மாதிரி. கடைசியில அவர் கை மெதுவா இறங்கினது. நாலு பேரும் போய்ச் சேர்ந்தோம். அது எனக்குக் காதால தெரியலை, உடம்பால தெரிஞ்சது. நெஞ்செலும்பு அதிர்ந்தது.

சத்தம் பதியறவர், சவுண்டு ஐயான்னு கூப்பிடுவோம், காதுல மாட்டியிருந்ததைக் கழட்டிட்டு வெளியில வந்தார். "நல்லாயிருக்கா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியலை. ஆனா எல்லாம் சுத்தமா விழுந்திருக்கு."

கதாநாயகி அம்மா, "பின்னால யாரோ என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சே, நீங்களா?" என்றாங்க. மாஸ்டர் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு முகத்தைத் துடைச்சார்.

இந்த இடத்தோட நிறுத்திக்கலாமான்னு எழுதும்போது யோசிச்சேன். நிறுத்தினா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்.

படத்தை முதலாளிக்குப் போட்டுக் காட்டினப்போ எங்களைக் கூப்பிடலை. காப்பி கொண்டுபோனவர் வந்து சொன்னார். முதலாளி அந்தப் பாட்டுல நெளிஞ்சாராம். "ஏனுங் வாத்தியாரே, மாடு நாலு பக்கம் இழுக்கற வண்டியாட்டம் இருக்குதுங்களே?" என்றாராம். வாத்தியார், "நவீனமா இருக்கட்டும்னு நான்தான் அப்படிப் பண்ணினேன்" என்றாராம். "செரீங்க, சனங்களுக்குப் புடிச்சாச் செரி"ன்னு முதலாளி விட்டுட்டார். புஸ்தகம் அச்சாகி வந்தது. சங்கீதம்னு வாத்தியார் பேர் இருந்தது. மாஸ்டர் புரட்டிப் பார்த்துட்டு வெச்சுட்டார். "பாட்டு உள்ளே இருக்குல்ல, போதும்" என்றார். நிஜமாவே போதும்னு நினைச்சார்னுதான் எனக்குப் பட்டது.

படம் வந்ததும் முதலாளி தன் ஜனங்களோட உக்காந்து பார்க்கணும்னு மல்லசமுத்திரத்து டூரிங் கொட்டகைக்குப் போனார். எங்களையும் ஒரு லாரியில ஏத்தி அனுப்பினார். பொழுது சாயுற நேரத்து முதல் ஆட்டம். பொம்பளைங்க ஒரு பக்கம், ஆம்பளைங்க ஒரு பக்கம், நடுவுல இடுப்பளவு மண்சுவர். காதை அடைச்சுக்கிட்டுப் பாடினதை இன்னிக்குத்தான் முழுசாக் கேக்கப் போறேன்.

பாட்டு வந்தது. கதாநாயகி வாசல்ல நின்னாங்க. முதல் அடி காலி. அவங்க குரல். அதுக்குப் பக்கத்துல மெல்ல என் குரல் வந்து உரசினது. என் குரலை அதுக்கு முன்னால நான் தனியாக் கேட்டதே இல்லை.

"டேய் ஆப்பரேட்டரு! ரெண்டு பாட்டு ஓடுதுடா!"

ஆம்பளைங்க பக்கத்துலேருந்து ஒருத்தன் கத்தினான். சிரிப்பு. இன்னொருத்தன், "மிசினுக்கு எண்ணெய் ஊத்துடா!" விசில். பொம்பளைங்க பக்கத்துலேயும் சலசலப்பு. என் பக்கத்துல வெத்தலை மென்னுக்கிட்டிருந்த அம்மா என் தொடையைத் தட்டினாங்க.

"பாவம், அந்தப் புள்ளை நல்லாத்தான் பாடுது. பின்னால ஆரோ கெடுக்கறாங்க அம்மிணி."

"ஆமாங்க" என்றேன்.

சத்தம் அதிகமாச்சு. ஆப்பரேட்டர் மெஷின்தான் கோளாறுன்னு நினைச்சு சவுண்டை அடியோட குறைச்சுட்டார். திரையில வாய் மட்டும் அசைஞ்சது. நான் மண்சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். எல்லாரும் கத்திக்கிட்டிருந்தாங்க, மாஸ்டர் மட்டும் எழுந்து நின்னுக்கிட்டிருந்தார். பின்னால இருந்தவங்க "உக்காருய்யா"ங்கறாங்க, அவர் காதுல விழலை. கதாநாயகி கதவைச் சாத்தப் போனாங்க. அப்போ மாஸ்டர் கை இடுப்பு உயரத்துல எழுந்து, மெதுவா இறங்கினது. அவருக்குள்ளே மட்டும் அது ஓடிக்கிட்டிருந்தது.

அடுத்த ஊர்லேயும் அப்படித்தான். ஓரிடத்துல நாற்காலியை உடைச்சாங்களாம். ஊர் ஊரா முதலாளிக்குச் சேதி வந்தது.

ரெண்டொரு நாள்ல எல்லாரையும் முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டார். போறதுக்கு முன்னால சவுண்டு ஐயா மாஸ்டரை வராந்தாவுல நிறுத்தினார். நாங்க பின்னாலேயே இருந்தோம். "மெஷின் கோளாறுன்னு நான் சொல்லிடறேன். பழைய மெஷின். முதலாளி நம்புவார். என்னை அனுப்ப மாட்டார், எனக்குப் பதிலா வேற ஆள் இந்த ஊர்ல கிடையாது. உமக்கு வீடு, பிள்ளைங்க எல்லாம் இருக்கு. தலையை மட்டும் ஆட்டும்."

இவ்வளவு நல்ல மனுஷர் ஒருத்தர், இவ்வளவு சுலபமா ஒரு வழியைக் காட்டறார். மாஸ்டர் அவர் கையைப் புடிச்சு அமுக்கினார். சரின்னுட்டார்னு நான் நினைச்சேன்.

முதலாளி கோபமா இல்லை. கோபமா இருந்திருந்தாத் தேவலை. களைச்சுப்போய் உக்காந்திருந்தார்.

"எனக்குச் சங்கீதம் தெரியாதுங்க. கேக்கறதுக்குச் சொல்லுங்க. மிசினுங்களா, ஆளுங்களா?"

சவுண்டு ஐயா வாயைத் திறக்கிறதுக்குள்ளே வாத்தியார் சொன்னார். "அது பேண்டுக்காரர் வேலைங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். மெட்டு என்னுது, இந்தக் கூத்து அவருது." வாத்தியாருக்கும் பயம், அவருக்கும் பிள்ளைங்க. இத்தனை நாள்ல அந்தப் பாட்டு மாஸ்டரோடதுன்னு ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"அப்படீங்களா? இல்லை, இந்தப் புள்ளைங்க தப்பாப் பாடிப்போட்டாங்களா?" முதலாளி எங்க பக்கம் திரும்பினார். "பயப்படாமச் சொல்லுங்க அம்மிணி."

பெரியக்கா மூச்சை இழுத்தாங்க. அதுக்குள்ளே மாஸ்டர் முன்னால வந்துட்டார்.

"இவங்க தப்பாப் பாடலை சார். மெஷினும் நல்லாத்தான் இருக்குது. பாட்டே அப்படித்தான். சரியாத்தான் இருக்குது."

முதலாளி அவரையே பார்த்தார். "மிசினுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நான் உட்டுர்றேன். அடுத்த படத்துக்கு நீங்களே இருங்க."

அவர் நிஜமாத்தான் கேட்டார். மாஸ்டர் வாசல் பக்கம் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நான் மனசுக்குள்ளே சொல்லுங்க, சொல்லுங்கன்னு கெஞ்சிக்கிட்டிருந்தேன். அப்படிச் சொன்னா அந்தப் பாட்டு ஒரு கோளாறுன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரின்னு அப்போ எனக்குத் தெரியலை. தெரிஞ்சிருந்தாலும் சொல்லுங்கன்னுதான் கெஞ்சியிருப்பேன்.

"சரியாத்தான் சார் இருக்குது."

"அப்பச் செரீங்க" என்றார் முதலாளி. "பாட்டே அப்படீன்னா, எடுத்துப்போடுங்க."

எல்லா ஊருக்கும் ஆள் போய் அந்தப் பாட்டை வெட்டி எடுத்துக்கிட்டு வந்தாங்க. அப்போ வெட்டின பிலிமை உருக்கி வளையல் பண்றவங்க வாங்கிக்கிட்டுப் போவாங்க. அதுவும் அப்படித்தான் போயிருக்கும். கம்பெனியில வெச்சிருந்த மூலப் பிலிம்ல இருந்ததையும் வெட்டிட்டாங்க. மாஸ்டர் மறுநாளே கிளம்பிட்டார். பட்டாளத்து பேண்டுல சேர்ந்தார்னு ஒருத்தர் சொன்னாங்க, தங்கவயல்ல சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிட்டார்னு இன்னொருத்தர். யாரும் போய்ப் பார்க்கலை. அம்மாபேட்டைத் தங்கச்சி மட்டும் ரொம்ப நாள் ட்ரம்பெட்டுக் கிண்டலைப் பண்ணவே இல்லை.

இப்போ நீங்க தினமும் ஸ்டுடியோவுல ஒருத்தி மேலே, ஒருத்தி கீழேன்னு பாடுறீங்க. ஜனங்க கேக்கறாங்க. யாரும் ஆப்பரேட்டரைத் திட்டறதில்லை. இது அவர்கிட்டேருந்து வந்ததுன்னு சொல்லி என்னைத் தேத்திக்கலாம்னு பார்த்தேன். முடியலை, ஏன்னா வரலை. உங்களுக்கு அது வேற எங்கேயோ இருந்து, வேற யாரோ கொண்டுவந்து சேர்த்தது. அவரோடது மல்லசமுத்திரத்துலேயே நின்னுபோச்சு. அதைக் கேட்டு ஒருத்தர் கத்துக்கலை, ஒருத்தர் திருடக்கூட இல்லை.

இதுலேருந்து உங்களுக்கு என்ன புத்தி சொல்றதுன்னு ரொம்ப யோசிச்சேன். தன் காதை நம்புங்கன்னு சொல்லலாம், நம்பினவர் கதி இது. சமயம் பார்த்துத் தலையாட்டுங்கன்னு சொல்லலாம், அதைச் சொல்ல எனக்கு மனசு வரலை. ஸ்டார் அரைக் கட்டை இறக்கச் சொன்னா பதறாதீங்க, உக்காந்து ஒரு காப்பி நேரம் யோசிங்க. நிச்சயமாச் சொல்லக்கூடிய ஒரே விஷயம் அதுதான். மத்ததுக்கு எனக்குப் பதில் தெரியாது.

அந்த ரூம்லேருந்து வெளியில வந்த அன்னிக்கு மத்தியானத்தையும் சொல்லிடறேன். வேலை இருந்தது. அடுத்த படத்துக்கு ஒரு தாலாட்டு. வாத்தியார் ஆர்மோனியத்தை எடுத்து வெச்சார். யாரும் யார் முகத்தையும் பார்க்கலை. கதவைச் சாத்தினாங்க, விசிறி நின்னது. எங்களால இனிமேல் சேர்ந்து பாட முடியுமான்னு எனக்குச் சந்தேகமா இருந்தது. முடியாதுன்னு ஆகணும்னு உள்ளுக்குள்ளே ஒரு ஆசைகூட இருந்தது. பெரியக்கா எடுத்தாங்க, நாங்க மூணு பேரும் போய் ஒட்டிக்கிட்டோம். நாலு பேர், ஒரே குரல். ஒரு பிசிறு இல்லை. பாடி முடிச்சதும் வாத்தியார் ஆர்மோனியத்து மேலே கையை வெச்சுக்கிட்டு, நாங்க அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளா இல்லாம, அன்னிக்குத்தான் முதல் தடவையா எங்களைப் பார்த்து "சபாஷ்" என்றார்.